எந்தக் கேமரா எதைப் பார்க்க வேண்டும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 வீடுகள் உள்ளன. நான் சங்கச் செயலாளர். சிசிடிவி பொருத்த இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் 24 கேமரா வேண்டும் என்கிறார், மற்றவர் 13 போதும் என்கிறார். இருவருமே எங்கள் கட்டட வரைபடத்தின் மேல் ஒவ்வொரு கேமராவும் பார்க்கும் பரப்பை வண்ண வண்ணமாக விசிறிகள்போல் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் பார்க்க அழகாகவே இருக்கின்றன. எது சரி என்று நாங்களே பார்த்துக்கொள்ள மென்பொருள் ஏதாவது உண்டா? இலவசமாக இருந்தால் உத்தமம்.
– சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்

பதில்: மென்பொருள் உண்டு, இலவசமாகவும் உண்டு. ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவை மறந்துவிட்டு, இடங்களை மட்டும் எழுதுங்கள்: பெரிய கேட், சின்ன கேட், லிஃப்ட் வாசல், மாடிப்படி தொடங்கும் இடம், தண்ணீர்த் தொட்டி மூடி, மொட்டைமாடிக் கதவு, வண்டி நிறுத்தும் இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதுமா? வந்தவர் நம் குடியிருப்புக்காரரா, வெளியாளா என்று தெரிய வேண்டுமா? அல்லது முன்பின் பார்த்திராத ஒருவரின் முகத்தைக் காவல் நிலையத்தில் காட்டி அடையாளம் சொல்ல வேண்டுமா?

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையங்களில் கேமரா பொருத்த உத்தரவிட்டபோது இத்தனை கேமரா என்று எண்ணிக்கை சொல்லவில்லை. நுழைவாயில்கள், வெளியேறும் வழிகள், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பறை, ஆய்வாளர் அறை, கழிவறைக்கு வெளியே என்று இடங்களைத்தான் வரிசைப்படுத்தியது. உங்கள் தாளும் அப்படித்தான் இருக்க வேண்டும். 24-க்கும் 13-க்கும் நடுவில் பஞ்சாயத்து செய்வதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

இப்போது விசிறிக்கு வருகிறேன். அதை எந்த வரைகலை மென்பொருளிலும், ஏன், கலர் பென்சிலாலும் வரைந்துவிடலாம். விசிறிக்குள் ஓர் இடம் அகப்பட்டுவிட்டால் அங்கே எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பில்தான் வியாபாரம் நடக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: விசிறியின் இந்த இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல், அதாவது படத்தின் புள்ளி, விழுகிறது?

இதற்கு 2014-இல் வெளிவந்த ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையில் கணக்கு இருக்கிறது. மீட்டருக்கு 25 பிக்சல் இருந்தால் ஆள் இருப்பது தெரியும். 62 இருந்தால் என்ன உடை, என்ன செய்கிறார் என்பது தெரியும். 125 இருந்தால் தெரிந்த முகத்தை இன்னார் என்று சொல்லலாம். முன்பின் தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காண 250 வேண்டும்.

உங்கள் பெரிய கேட்டையே எடுத்துக்கொள்வோம். சென்னைக் குடியிருப்புகளில் வாட்ச்மேன் அறைச் சுவரில் ஒரு கேமராவை மாட்டிவிடுவது வழக்கம். அங்கிருந்து கேட் 9 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் அதிகம் விற்கும் 2 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ் கேமரா ஏறத்தாழ 105 டிகிரி விரிந்து பார்க்கும். 9 மீட்டர் தூரத்தில் அது 23 மீட்டருக்கு மேல் அகலத்தைப் பிடிக்கிறது. படத்தின் குறுக்கே இருப்பவை 1920 பிக்சல்கள்தான். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 80 சொச்சம். கேட்டில் ஒருவர் நிற்கிறார், கையில் பை வைத்திருக்கிறார் என்பது தெரியும். அவர் யார் என்பது தெரியாது. அதே இடத்தில் 4 மெகாபிக்சல் கேமராவை 6 மி.மீ. லென்ஸுடன் வைத்தால் சுமார் 9 மீட்டர் அகலம் மட்டும் தெரியும். கேட்டுக்கு அது தாராளம். மீட்டருக்கு 275-க்கு மேல் பிக்சல் கிடைக்கும், முகம் தெரியும். கேமரா எண்ணிக்கை அதே ஒன்றுதான், கேபிளும் அதே நீளம்தான். வரைபடத்தில் மட்டும் விசிறி பாதியாகச் சுருங்கி, சங்க உறுப்பினர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் மென்பொருள்தான் உங்களுக்கு வேண்டியது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்ஸிஸ் நிறுவனத்தின் ‘சைட் டிசைனர்’ இணைய உலாவியிலேயே இயங்குகிறது, கட்டணம் இல்லை. வரைபடத்தை ஏற்றி, அளவு காட்டி, கேமராவை வைத்து நகர்த்திப் பார்க்கலாம். அதில் அவர்களுடைய கேமராக்கள் மட்டுமே இருக்கும் என்பது குறை. ஆனாலும் உங்கள் கொட்டேஷனில் உள்ள மெகாபிக்சலுக்கும் கோணத்துக்கும் நெருக்கமான ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்க அது போதும். ஜேவிஎஸ்ஜி நிறுவனத்தின் ‘ஐபி வீடியோ சிஸ்டம் டிசைன் டூல்’ விண்டோஸ் கணினியில் நிறுவ வேண்டியது. விலைக்குத்தான் கிடைக்கும், ஆனால் சோதனைப் பதிப்பு தருகிறார்கள். ஒரு குடியிருப்புக்கு ஒரு முறை சரிபார்க்க அந்தச் சோதனைக் காலமே போதும். பல நிறுவனங்களின் கேமராக்கள் அதில் உண்டு. பெயர் தெரியாத கேமராவானாலும் சென்சார் அளவு, லென்ஸ், பிக்சல் மூன்றையும் நாமே கொடுத்துப் பார்க்கலாம். பிக்சல் அடர்த்தியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுவதால் சங்கக் கூட்டத்தில் விளக்குவதும் எளிது.

வரைபடத்தை ஏற்றும்போது அளவு காட்டச் சொல்லும். பலர் கதவின் அகலத்தை மூன்றடி என்று கொடுத்துவிடுகிறார்கள். அங்கே வரும் சிறு பிசகு வளாகத்தின் மறுமுனைக்குப் போகும்போது மீட்டர் கணக்கில் பெருகிவிடும். காம்பவுண்டுச் சுவரின் நீளமான பக்கத்தை டேப் பிடித்து அளந்து அதைக் கொடுங்கள். பழைய ப்ளூபிரிண்டைக் கைப்பேசியில் கோணலாகப் படமெடுத்து ஏற்றாதீர்கள். மாநகராட்சி ஒப்புதல் வாங்கிய வரைபடத்துக்கும் கட்டி முடித்த கட்டடத்துக்கும் உள்ள உறவு நமக்குத் தெரியாததல்ல, ஆகவே நடந்து பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். கேமராவை யாரும் உடைத்துவிடக்கூடாது என்று முதல் மாடி உயரத்தில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரை மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து பார்க்க வேண்டும். தலைமுடியும் தொப்பியும் நன்றாகப் பதிவாகும். 2.6 மீட்டருக்கு இறக்கினால் 18 டிகிரிதான், முகம் கிடைக்கும். கேமராவின் உயரத்தையும் ஆளின் உயரத்தையும் கேட்காத மென்பொருளை மூடிவிடுங்கள்.

எண்ணிக்கைத் தகராறு அநேகமாகத் தரைத்தளக் கார் நிறுத்தத்தில்தான் இருக்கும். தூணுக்குத் தூண் மறைப்பு, தாழ்வான கூரை, நடுவில் உயரமான கார்கள். 13 கேமரா வரைந்தவர் தூண்களைக் காற்றாக நினைத்திருக்கலாம். 24 வரைந்தவர் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கேமரா விற்க நினைத்திருக்கலாம். தூண்களையும் சுவர்களையும் உயரத்தோடு தடுப்புகளாக வரையுங்கள். காரை ஒன்றே முக்கால் மீட்டர் உயரப் பெட்டியாக வையுங்கள். பின்னால் விழும் நிழற்பகுதியைப் பாருங்கள். எல்லா நிழலையும் ஒழிக்க வேண்டியதில்லை. நிழலுக்குள் போகிறவரும் அதிலிருந்து வெளியே வருகிறவரும் ஏதாவது ஒரு கேமராவில் முகம் காட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

மென்பொருள் சொல்லாதது வெளிச்சம். கிழக்கு பார்த்த கேட் என்றால் காலை வெயில் நேராக லென்ஸில் அடித்து, வருகிறவர் கறுப்பு உருவமாகத் தெரிவார். இரவில் பக்கத்துச் சுவரோ சிலந்தி வலையோ கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியடித்துப் படத்தையே வெளுக்க வைத்துவிடும். வண்டி எண் பலகை வேண்டுமென்றால் அதற்கென்று குறுகிய கோணத்தில் தனிக் கேமரா ஒதுக்குங்கள். முகப்பு விளக்கின் கூச்சத்தில் சாதாரணக் கேமரா தோற்றுவிடும். இரண்டு ஒப்பந்தக்காரர்களையும் ஒரு கேமராவோடு இரவு எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். ஏணியில் ஏறி அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு, கேட்டில் வாட்ச்மேனை நிற்கவைத்துப் படம் காட்டட்டும். வர மறுப்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டிப்ளமோ முடித்துவிட்டுச் சிசிடிவி பொருத்தும் தொழில் தொடங்கியிருக்கிறேன். காசு கொடுத்து வடிவமைப்பு மென்பொருள் வாங்க வேண்டுமா? நண்பர்கள் ‘கிராக்’ செய்த பதிப்பு தருவதாகச் சொல்கிறார்கள்.
– இளைஞர், திண்டுக்கல்

பதில்: தம்பி, நண்பர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். உங்களிடம் இருக்கப்போவது என்ன வரைபடம் என்று யோசியுங்கள். நகைக்கடையில் லாக்கர் எங்கே, எந்த மூலை கேமராவுக்குத் தெரியாது, பின்கதவு எது என்பதெல்லாம் அடங்கிய வரைபடம். அதை எவர் கைவைத்தது என்று தெரியாத மென்பொருளில் திறப்பது உங்கள் வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். இதே காரணத்தால் இணையத்தில் இயங்கும் சேவைகளில் வரைபடத்தை ஏற்றும் முன்பும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்குக் கணினியில் நிறுவும் மென்பொருள்தான் சரி.

வாங்குவதா என்பது வேலையைப் பொறுத்தது. வீடுகளும் சிறு கடைகளும் மட்டும் என்றால் இலவசக் கருவிகளும் ஒரு கால்குலேட்டரும் போதும். பள்ளி, மருத்துவமனை, மில், டெண்டர் வேலை என்று போகும்போது பிக்சல் அடர்த்தியோடு பிடிஎஃப் அறிக்கையும் பொருள் பட்டியலும் கேட்பார்கள். அப்போது ஜேவிஎஸ்ஜி போன்றது உழைப்பை மிச்சப்படுத்தும். ஐபிவிஎம் நிறுவனத்தின் வடிவமைப்புக் கருவி சந்தா முறையில் வருகிறது. ‘சிஸ்டம் சர்வேயர்’ டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தை நடந்து பார்த்தபடியே குறித்துக்கொள்ள ஏற்றது, அதற்கும் சந்தாதான். மாதம் ஓரிரு வேலை பார்க்கிறவருக்குச் சந்தா கட்டுப்படியாகாது என்பது என் அபிப்பிராயம். சோதனைப் பதிப்பில் நீங்கள் ஏற்கெனவே முடித்த ஒரு கடையை வரைந்து, மென்பொருள் காட்டும் காட்சியையும் நிஜக் கேமராப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. மென்பொருள் பட்டியலில் இருக்கும் மாடல் எல்லாம் நம் ஊரில் கிடைக்காது. 2025 ஏப்ரலில் இருந்து சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் புதிய பாதுகாப்புத் தேவைகள் கட்டாயமாகிவிட்டன. விநியோகஸ்தரிடம் சான்றிதழையும் இருப்பையும் கேட்ட பிறகு மாடல் எண்ணை எழுதுங்கள். வரையும்போதே கேபிள் போகும் வழியையும் அளந்துவிடுங்கள். நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. விசிறியை நேர்க்கோட்டில் வரைகிறோம், கேபிளோ சுவரேறிச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

கேள்வி: மொத்த மளிகைக் கடையில் 12 கேமரா வைத்திருக்கிறேன். பொருத்தியவர்கள் மென்பொருளில் கணக்குப் போட்டு, ஒரு மாதப் பதிவு இருக்கும் என்றார்கள். மூன்று வாரத்துக்கு முந்தையதே இல்லை. மென்பொருள் கணக்குத் தவறா?
– வணிகர், விருதுநகர்

பதில்: கணக்கில் என்ன எண்ணைப் போட்டார்கள் என்று கேளுங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளைக்கு 21.6 ஜிபி. 12 கேமராவுக்கு 259 ஜிபி, 30 நாளுக்கு 7.8 டிபி. 8 டிபி டிஸ்க் ஒன்றில் மயிரிழையில் அடங்கும். நொடிக்கு 3 மெகாபிட் ஆனால் அதே டிஸ்க் 20 நாளில் நிரம்பிவிடும். உங்கள் கடையில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள கடையில் படம் ஓயாமல் மாறுவதால் டேட்டா கூடும். ரெக்கார்டர் அமைப்பில் பிட்ரேட், அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட், என்று பார்த்து, அதைக் கொண்டு மறுபடி கணக்கிடுங்கள். கிடங்கின் உள்பக்கக் கேமராக்களை அசைவு தெரியும்போது மட்டும் பதியும்படி மாற்றினால் புதிய டிஸ்க் வாங்காமலே சமாளிக்கலாம். கல்லாப்பெட்டிக் கேமராவை மட்டும் அப்படி மாற்ற வேண்டாம்.

கேள்வி: ஊரில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்கள். நான் பெங்களூரில் இருந்தபடியே வீட்டுக்குக் கேமரா திட்டமிட முடியுமா? எதிர்வீட்டு மாமி, கேமரா தன் வாசலைப் பார்க்கக்கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டாராம்.
– வாசகி, பெங்களூர்

பதில்: மாமி சொல்வது நியாயம். ‘ஸ்வீட் ஹோம் 3டி’ என்ற இலவச மென்பொருள் வீட்டு உள்ளலங்காரத்துக்கானது. அதில் வீட்டை வரைந்து, ‘பார்வையாளர்’ உருவத்தின் கண் உயரத்தையும் பார்வைக் கோணத்தையும் கேமராவுக்கு ஏற்ப மாற்றினால், அங்கிருந்து என்ன தெரியும் என்பதை முப்பரிமாணத்தில் காட்டிவிடும். பிக்சல் கணக்கு வராது. ஆனால் வராந்தாவுக்கும் பின்கட்டுக்கும் கோணம் பார்க்க அது போதும். அப்பாவை வீடியோ அழைப்பில் டேப் பிடிக்கச் சொல்லி அளவுகளை வாங்கிக்கொள்ளுங்கள். வாசல் கேமராவைத் தெருவை நோக்கி வைக்காமல், தூணிலிருந்து உங்கள் கதவை நோக்கித் திருப்பி வையுங்கள். வருகிறவர் கதவைத் தட்டும்போது பக்கவாட்டு முகம் கிடைக்கும், எதிர்வீடும் தெரியாது. மீதி ஓரத்தில் எதிர்வாசல் எட்டிப்பார்த்தால் கேமரா அமைப்பில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கும் வசதி இருக்கிறது. மறைத்தபின் மாமியையே அழைத்துத் திரையைக் காட்டிவிடச் சொல்லுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டாம். பெற்றோர் விழுந்துவிடுவார்களோ என்ற கவலை என்றால் அழைப்புமணிப் பொத்தானைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது அதைவிட உதவும்.