பல எரிபொருள் எஞ்சினில் எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது?

கேள்வி: அமெரிக்க ராணுவச் சேவையிலிருந்து விலக்கப்பட்ட எம்35ஏ2 வகை லாரி ஒன்றை வாங்கிப் புதுப்பித்து வருகிறேன். அதில் இருப்பது பல எரிபொருள்களில் ஓடக்கூடிய எஞ்சின். பெட்ரோல், மண்ணெண்ணெய், பழைய சமையல் எண்ணெய், வண்டியிலிருந்து வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயில் என எதை ஊற்றினாலும் ஓடும் என்கிறார்கள். அன்றாடம் அப்படி ஓட்டலாமா? என்னிடமுள்ள புதிய டீசல் காரிலும் ஓரளவு இதைச் செய்து பார்க்கலாமா?

பதில்: ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அன்றாடம் அப்படி ஓட்டலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. போர்க்களத்தில் டீசல் வந்து சேராத நாளில், கையில் கிடைத்ததை ஊற்றியாவது வண்டி நகர வேண்டும் என்ற தேவைக்காகவே இந்த எஞ்சின்கள் உருவாயின. ஆபத்துக்குப் பாவமில்லை என்பதே அவற்றின் அடிப்படை. அதனால்தான் ராணுவக் கையேடுகள் எரிபொருள்களை முதன்மையானவை, மாற்றாகப் பயன்படுத்தத்தக்கவை, அவசரத்துக்கு மட்டுமே உரியவை என்று தரம் பிரித்தன. உங்கள் லாரியில் எரிபொருள் தகடு இன்னும் இருக்குமானால், முதலில் அதைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்த எஞ்சினின் திறமை புரியும். சாதாரண டீசல் எஞ்சினில் பெட்ரோலை ஊற்றினால், அது தானாகப் பற்றிக்கொள்ளத் தாமதமாகிறது. அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் முழுவதும் ஒரே நொடியில் வெடிப்பதால் எஞ்சின் பலமாகத் தட்டுகிறது. எம்35ஏ2 லாரியின் 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் கான்டினென்டல் எஞ்சின், ஜெர்மனியின் மான் நிறுவனம் உருவாக்கிய முறையைப் பின்பற்றி இச்சிக்கலைத் தீர்த்தது. அதன் பிஸ்டன் தலையில் உருண்டையான குழி ஒன்று உண்டு. இன்ஜெக்டர் எரிபொருளின் பெரும்பகுதியைக் காற்றில் தெளிக்காமல், அந்தக் குழியின் சூடான சுவரில் மெல்லிய படலமாகப் படரச் செய்கிறது. காற்றில் கலந்த சிறு பகுதி முதலில் பற்றிக்கொள்ள, சுவரிலுள்ள படலம் சிறிது சிறிதாக ஆவியாகி, சுழலும் காற்றோடு சேர்ந்து எரிகிறது. காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதமும் ஏறத்தாழ 22:1 என்ற உயர்ந்த அளவில் இருப்பதால், எளிதில் பற்றாத பெட்ரோலும் அந்த வெப்பத்தில் பற்றிக்கொள்கிறது.

ஆகவே எரிப்பதில் இந்த எஞ்சினுக்குச் சிரமம் அதிகமில்லை. சிரமமெல்லாம் எரிபொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் பம்புக்குத்தான். இன்ஜெக்‌ஷன் பம்பில் எரிபொருளைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. அந்த இடைவெளியில் உயவு எண்ணெயாகச் செயல்படுவது, அதன் வழியே செல்லும் எரிபொருளேயாகும். டீசலுக்கு உயவுத்தன்மை உண்டு, மண்ணெண்ணெய்க்குக் குறைவு, பெட்ரோலுக்கு மிகமிகக் குறைவு. பெட்ரோலில் தொடர்ந்து ஓட்டினால் பிளஞ்சர் தேய்ந்து, ஒருநாள் இறுகியே போகலாம். போதாக்குறைக்கு, வெப்பமான நாளில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, எஞ்சின் நின்றுவிடவும் கூடும்.

இந்தப் பம்பிலுள்ள இன்னொரு பாகத்தையும் நீங்கள் கவனிக்க வேண்டும். பம்ப் எரிபொருளைக் கன அளவில்தான் அளந்து அனுப்புகிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றலும், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றலும் இருப்பதால், பெட்ரோலில் வண்டியின் இழுவை குறையும். இதை ஈடுசெய்ய, பாயும் எரிபொருளின் பாகுத்தன்மையை (கெட்டியாக ஓடும் தன்மையை) உணர்ந்து, அனுப்பப்படும் உச்ச அளவைத் தானாகக் கூட்டியோ குறைத்தோ வைக்கும் அடர்த்தி ஈடுசெய்யும் கருவி பம்போடு இணைக்கப்பட்டுள்ளது. பழைய வண்டிகளில் இது கசிவதுண்டு. கசிகிறதே என்று பலர் இதைக் கழற்றிவிட்டு, எரிபொருள் அளவை ஒரே நிலையில் நிறுத்திவிடுகிறார்கள். டீசல் மட்டும் ஊற்றுபவருக்கு அது சரி. ஆனால் பெட்ரோலுக்கென்று அளவைக் கூட்டி நிறுத்திவிட்டு, பிறகு டீசல் ஊற்றினால், தேவைக்கு மேல் எரிபொருள் சென்று கரும்புகையும், பிஸ்டனையும் வால்வையும் கெடுக்கும் வெப்பமும்தான் மிஞ்சும்.

எனவே உங்கள் லாரிக்கு டீசலே முதல் தேர்வு. மண்ணெண்ணெயை உயவுச் சேர்மானத்தோடு டீசலில் கலந்து எப்போதாவது பயன்படுத்தலாம். வேறு வழியின்றிப் பெட்ரோல் ஊற்ற நேர்ந்தால், ஆக்டேன் எண் குறைந்ததே இந்த எஞ்சினுக்கு நல்லது. கார் ஓட்டுபவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். ஆக்டேன் எண் உயர உயர எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்வது கடினமாகும் என்பதே காரணம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் சீல்களையும் பதம்பார்த்துவிடும்.

டீசலோடு சிறிது பெட்ரோலைக் கலப்பது ஆபத்தில்லாதது என்ற நம்பிக்கையை மட்டும் கைவிட்டுவிடுங்கள். டீசல் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரியிலேயே வெளிவிடும். முழுப் பெட்ரோல் நிறைந்த டேங்க்கில் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால், போதிய காற்றின்றிப் பெரும்பாலும் பற்றாது. சிறிதளவு பெட்ரோல் கலந்த டீசல் டேங்க்கிலோ, ஆவியும் காற்றும் வெடிப்பதற்கு ஏற்ற விகிதத்தில் அமைந்துவிட வாய்ப்புண்டு.

சமையல் எண்ணெயின் பாகுத்தன்மை, 40 டிகிரி வெப்பத்தில் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகம். சூடாக்காமல் செலுத்தினால் தெளிப்பு கெட்டு, இன்ஜெக்டரின் முனையான நாசிலில் கரி படியும். எரியாத எண்ணெய், எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் இறங்கி எஞ்சின் ஆயிலைக் கூழாக்கிவிடும். வடித்த எஞ்சின் ஆயில் அதைவிட மோசம். அதிலுள்ள உலோகத் துகள்கள் பிளஞ்சரைக் கீறும். துத்தநாகம், கால்சியம் போன்ற சேர்மானங்கள் சாம்பலாக நாசிலில் படியும். துணியில் வடிகட்டினால் சில மைக்ரான் துகள்கள் நிற்பதில்லை. செலவு மிச்சம் என்று இதில் இறங்கினால் முதலுக்கே மோசம். இந்தப் பம்பைச் சீர்செய்யத் தெரிந்தவர்களும் அருகி வருகிறார்கள்.

எதை ஊற்றினாலும், வாரம் ஒருமுறை ஆயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவதற்கு மாறாக ஏறியிருந்தாலோ, துளியை விரலில் தேய்க்கும்போது நீர்த்துப்போய் எரிபொருள் வாடை அடித்தாலோ, எரிபொருள் கசிந்து ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அந்நிலையில் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

ராணுவங்களே இந்தப் பாதையிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டன என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. பல எரிபொருள் எஞ்சின் வேண்டும் என்ற நேட்டோவின் கொள்கைக்கு இணங்க, பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிக்கு எதிரெதிர் பிஸ்டன்கள் கொண்ட லேலண்ட் எல்60 எஞ்சினை வடிவமைத்தார்கள். அது எதிர்பார்த்த ஆற்றலைத் தராமலும் அடிக்கடி பழுதாகியும் படைவீரர்களை நெடுங்காலம் வாட்டியது. எல்லா எரிபொருளையும் ஏற்கும் எஞ்சினைச் செய்வதைவிட, எல்லா வாகனங்களுக்கும் ஒரே எரிபொருளை வழங்குவது எளிது என்று பின்னர் முடிவாயிற்று. 1988இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் ஜேபி-8 என்ற விமான எரிபொருளையே தரைவாகனங்களுக்கும் பொதுவாக்கியது. அதிலும் பம்ப் தேயும் சிக்கல் எழுந்ததால், உயவுக்கான சேர்மானம் இன்றியமையாததாயிற்று.

உங்கள் புதிய டீசல் காரில் இந்தச் சோதனைகளில் எதையும் செய்ய வேண்டாம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எரிபொருள் தரும் அதன் காமன் ரெயில் அமைப்பு 2,000 பார் அழுத்தத்தைத் தொடக்கூடியது; அதன் உயர் அழுத்தப் பம்ப் முழுக்க முழுக்க டீசலின் உயவை நம்பியே சுழல்கிறது. அது தேய்ந்து உதிர்க்கும் உலோகத் துகள்கள், குழாய்கள் வழியே ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சென்றடையும். பெட்ரோல் தவறுதலாக நிரப்பப்பட்டுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். பல கார்களில் அப்போதே டேங்க்கிலுள்ள பம்ப் இயங்கத் தொடங்கிவிடும். வண்டியைத் தள்ளிச் சென்று, டேங்க்கை முழுவதும் வடித்த பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.