மண்ணுக்குள் கரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மரக்கழிவைக் கரியாக்கி மண்ணில் கலந்தால் காற்றில் உள்ள கரியமில வாயு குறையும் என்று படித்தேன். எரித்தால் புகைதானே வரும், எப்படிக் குறையும்?

பதில்: ஒரு கிளையில் இருக்கும் கார்பன் முழுவதும் அந்த மரம் காற்றிலிருந்து எடுத்தது. கிளையை மட்க விட்டால் சில ஆண்டுகளில், கொளுத்தினால் சில நிமிடங்களில் அது பெரும்பாலும் காற்றுக்கே திரும்பிவிடும். காற்று புகாமல் 350 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது ஒரு பகுதி வாயுவாகப் போய்விடும். எஞ்சியது நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாத கரியாக இறுகிவிடும். இதைத்தான் உயிர்க்கரி, பயோசார் என்கிறோம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். குழி வெட்டிக் கரி செய்யும் முறையில் 100 கிலோ காய்ந்த விறகு ஏறக்குறைய 20 கிலோ கரி தரும். அதில் கார்பன் சுமார் 15 கிலோ. ஒரு கிலோ கார்பன் 3.67 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆக 55 கிலோ. ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2019 கணக்குமுறைப்படி, 450 முதல் 600 டிகிரியில் உருவான கரியில் 80 சதவீதக் கார்பன் 100 ஆண்டுக்குப் பிறகும் மண்ணில் இருக்கும். 350 முதல் 450 டிகிரி என்றால் 65 சதவீதம்தான். நம் கணக்கில் 80 சதவீதம் என்று வைத்தால் 44 கிலோ நிற்கிறது.

நீங்கள் புகையைப் பற்றிக் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஈர விறகு புகைந்தால் மீத்தேன் வெளியேறும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போலச் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். புகைய விட்டுக் கரி செய்தால் சேமித்ததில் பெரும்பங்கு அதிலேயே கரைந்துபோகும். உயிரோடு நிற்கும் மரத்தை இதற்காக வெட்டுவதும் கூடவே கூடாது.

கேள்வி: கரி செய்யும் உலை வாங்க வசதியில்லை. புகையில்லாமல் குழியில் செய்ய முடியுமா?

பதில்: முடியும். மேல்வாய் 5 அடி அகலம், ஆழம் இரண்டரை அடி. கீழே போகப்போகக் குறுகும் கூம்புக் குழியாக வெட்டுங்கள். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் போகாத, ஒடித்தால் ‘படக்’கென்று முறியும் சுள்ளிகளே வேண்டும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுற்றிலும் காய்ந்த புல்லை அகற்றுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் தொடவே வேண்டாம். 400 லிட்டர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே தீ மூட்டுங்கள்.

நடுவில் சிறு விறகுக் குவியல் அடுக்கி, அதன் உச்சியில் பற்ற வையுங்கள். அது தணலானதும் பரப்பிவிட்டு, மேலே ஓர் அடுக்கு சுள்ளியை மெல்லியதாகப் போடுங்கள். மேலே எரியும் சுடர் இறங்கி வரும் ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் அடியில் உள்ளது எரியாமல் கரியாகும். அடியிலிருந்து எழும் வாயுவும் அதே சுடரில் எரிந்துவிடும். அடுத்த அடுக்கை எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மேல் விறகில் வெள்ளைச் சாம்பல் படரத் தொடங்கும்போது போட வேண்டும். அதற்கு முன் போட்டால் சுடர் அமுங்கிப் புகை கிளம்பும். தாமதித்தால் கரி சாம்பலாகும். புகை வந்தால் போடுவதை நிறுத்திச் சுடர் எழும்வரை பொறுங்கள். உமி, மரத்தூள் போன்ற பொடிகள் காற்றோட்டத்தை அடைத்துவிடும். இந்தக் குழிக்கு அவை ஆகாது.

குழி நிறைந்து சுடர் தணிந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள். நீராவி சுட்டுவிடும், எட்டி நில்லுங்கள். கிளறிக் கிளறி நனைத்து, அடிவரை குளிர்ந்ததை உறுதிசெய்யுங்கள். மேலே நனைந்து உள்ளே கனன்ற குவியல் பல மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். நனைந்த கரியை ஒரு நாளாவது திறந்தவெளியில் விட்டுவையுங்கள். கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: கரித்தூளைப் பாத்தியில் கலந்த பிறகு செடிகள் மஞ்சளாகிவிட்டன. ஏன்?

பதில்: பச்சைக் கரியாகப் போட்டிருப்பீர்கள். புதுக் கரியின் துளைகள் காலியாக இருக்கும். மண்ணில் உள்ள தழைச்சத்தை அவை பிடித்துக்கொள்ளும். கரி உரமல்ல, உரத்தைத் தாங்கும் பாத்திரம். நெல்மணி அளவுக்கு நொறுக்கி, அதே கனஅளவு மட்கிய உரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் குறைந்தது இரண்டு வாரம் மூடி வைத்துப் பிறகு போடுங்கள். நொறுக்கும்போது நனைத்துக்கொள்வதும், முகக்கவசம் அணிவதும் அவசியம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். கரி பொதுவாகக் காரத்தன்மை உடையது. உங்கள் மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) ஏற்கெனவே 7.5-க்கு மேல் இருந்தால், கூடுதல் கரி இரும்பு, துத்தநாகச் சத்துகள் வேருக்குக் கிடைப்பதைக் குறைத்துவிடும். முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

கேள்வி: எவ்வளவு போடலாம்?

பதில்: சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது ஏக்கருக்கு 4 டன். எடை காய்ந்த கரிக்கானது. மேல்மண்ணில் 10 முதல் 15 செ.மீ. ஆழம்வரை கலந்துவிடுங்கள், மேலாகத் தூவினால் மழையில் மிதந்தும் காற்றில் பறந்தும் போகும். மணற்பாங்கான, அமிலத்தன்மையுள்ள மண்ணில்தான் பலன் நன்றாகத் தெரியும். தொட்டி என்றால் மண்கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஆண்டுதோறும் போடத் தேவையில்லை.

கேள்வி: பழைய கதவு, சன்னல் மரத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: வண்ணம் பூசியது, கரையான் மருந்து ஏற்றியது, ஒட்டுப்பலகை எதுவும் வேண்டாம். அவற்றில் ஈயமோ ஆர்செனிக்கோ இருந்தால், அது கரியிலும் சாம்பலிலும் தங்கி மண்ணுக்குப் போய்ச் சேரும். பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.