போரில் பிரிந்த காதலர்களின் பிள்ளை "அம்மா அப்பா எங்கே" என்று கேட்டால் என்ன சொல்வது?

நீங்கள் எழுதியது மூன்றே வரி. தங்கையும் அவள் விரும்பியவரும் போரில் திக்குக்கு ஒருவராகப் போய்விட்டார்கள், பிள்ளை உங்களிடம் வளர்கிறது, இப்போது கேட்கத் தொடங்கிவிட்டது. "தூரத்தில் வேலை, வந்துவிடுவார்கள்" என்று சமாளிக்கலாமா என்கிறீர்கள். சமாளிக்காதீர்கள். அவர்கள் எங்கே என்று தெரியாவிட்டால் "தெரியாது" என்றே சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சமாளிக்கப்பட்ட பிள்ளை நான்.

என் அப்பா மன்னார்த் தீவில் இருக்கிற பேசாலைக்காரர். 1988, 89 காலத்தில் யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. அம்மா படிப்பித்த ரியூட்டரிக்கு நோட்டீஸ் அடிக்கப் போய்ப் பழக்கம். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், நாங்கள் சைவம், அதனால் மானிப்பாயில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. கலியாண எழுத்து எழுதிப் பதிவு செய்வதற்கு முன் தன் தாயிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வருகிறேன் என்று 1990 ஜூன் மாதம் பேசாலைக்குப் போனார். அந்த மாதம்தான் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை தொடங்கியது. பாதை பூட்டிவிட்டது. மன்னாரிலிருந்து சனம் படகேறி ராமேஸ்வரத்துக்கு ஓடியபோது அவரும் தாயோடு போய்விட்டார். அந்த அலையில் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அம்மா அப்போது நாலு மாதம். நவம்பரில் நான் பிறந்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் மானிப்பாயும் இருக்கிற வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது எல்லோருக்கும் தெரியும். அம்மம்மா, அம்மா, நான் மூவரும் கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். பொங்கல் முடிந்த கையோடு அம்மா வெளிக்கிட்டார். கிளாலியால் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து மன்னார்க் கரையில் படகு பிடித்து அப்பாவைத் தேடிப் போவது என்று முடிவு. எனக்குக் கடும் காய்ச்சல். "காய்ச்சல் விடட்டும், இடம் பார்த்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று சொன்னார். அதுதான் கடைசி.

இதைப் படிக்கிற சிலர், ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஆம்பிளையைத் தேடிப் போனவள் எப்படிப்பட்ட தாய் என்று கீழே எழுதுவீர்கள். எங்கள் ஊரிலும் சொன்னார்கள். கிளாலியில் இரவில் படகுகளை ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டி, விளக்கில்லாமல் இழுத்துக்கொண்டு போவார்கள். கடற்படை சுட்டு எத்தனையோ பேர் செத்த தண்ணீர் அது. காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையை அந்தப் படகில் ஏற்றாதவர்தான் என் தாய். அவர் என்னைக் கைவிடவில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

அந்த வருடமே மானிப்பாய்க்குத் திரும்பிவிட்டோம். நான் அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். 1997இல் "இந்தியாவிலிருந்து" ஒரு கடிதம் வந்தது, அடுத்த வருடம் இன்னொன்று. அம்மாவும் அப்பாவும் சுகம், நன்றாகச் சாப்பிடு, அம்மம்மா சொல்வதைக் கேள் என்று நாலைந்து வரி. ஆரோ கொண்டுவந்து தந்ததாக அம்மம்மா சொன்னார். இரண்டையும் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன்.

2002 ஏப்ரலில், போரில் பூட்டிக் கிடந்த ஏ9 என்கிற கண்டி-யாழ்ப்பாணப் பாதை திறந்தது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வந்து இறங்குகிறது. இனி அம்மா வந்துவிடுவார், வராவிட்டால் நானே எழுதுவோம் என்று விலாசம் தேடிக் கடிதங்களை எடுத்தேன். விலாசமே இல்லை. அந்தக் கிழமைதான் அம்மம்மா பரணில் கிடந்த பழைய கொப்பிகளைக் கடைக்குச் சரை சுற்றக் கொடுக்கச் சொல்லி இறக்குவித்தார். இரண்டாம் ஆண்டுத் தமிழ்க் கொப்பியைத் தட்டிப் பார்த்தபோது நடு ஒற்றை இல்லை. கம்பி இரண்டும் வாய் திறந்தபடி நின்றன. எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ தெரியாது, முதல் கடிதத்தை எடுத்து விரித்தேன். மடிப்பில் நாலு சிறிய ஓட்டைகள், இரண்டு மேலே, இரண்டு கீழே. கொப்பியில் வைத்துக் கம்பியில் இறக்கினேன். பொருந்தியது. ஓரத்தில் என் கொப்பி முழுக்க ஓடிய எண்ணெய்க் கறை கடிதத்திலும் அதே இடத்தில் இருந்தது.

கொப்பியோடு அடுப்படிக்குப் போனேன். அம்மம்மா திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பார்த்தார். கை நிற்கவில்லை. "நீ சாப்பிடேல்லை பிள்ளை. எலும்பும் தோலுமாப் போனாய். அதுதான் பக்கத்து வீட்டு ரீச்சரைக் கொண்டு எழுதுவிச்சன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திருவி முடித்த பாதியையே திரும்பவும் திருவிக்கொண்டிருந்தார்.

அம்மம்மாவைக் குறை சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். அறுபது வயதில், ஒற்றை ஆளாக, என்னை வளர்த்து ஆளாக்கியவர். ஆனால் அந்தப் பொய் எனக்குச் செய்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதம் எழுதத் தெரிந்த அம்மாவுக்கு ஏன் வரத் தெரியவில்லை என்று ஐந்து வருடம் நான் அவரை வெறுத்தேன். அப்பா கிடைத்ததும் என்னை மறந்துவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் "அம்மா" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது வெறும் தாளைக் கொடுத்து அடி வாங்கினேன். எந்தக் கடலில் என்ன ஆனாரோ என்று அழ வேண்டிய காலத்தை அவரோடு கோபித்துக்கொண்டே கழித்துவிட்டேன். "தெரியாது" என்று சொல்லியிருந்தால் நான் அவருக்காகக் காத்திருந்திருப்பேன்.

இன்னொன்று, கேட்காததுதான், ஆனாலும் சொல்கிறேன். என் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு ஒரு கோடு. "பெற்றோர் விவாகம் செய்தவர்களா" என்ற கட்டத்தில் "இல்லை". பின்னாளில் பாஸ்போட் எடுக்க அலைந்தபோது அதைப் பற்றி விளக்கம் கேட்டு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். 1987இலேயே அரசியலமைப்பைத் திருத்தித் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாகிவிட்டது. என் தாயைப் பற்றிய கேள்வியை ஒரு கடைக்காரரிடம் கொடுத்து, அவர் சத்தமாக மொழிபெயர்க்க, சாமான் வாங்க வந்த நாலு பேர் நடுவே நின்று கேட்டேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பேசாலைக்குத் திரும்பிய ஒருவர் மூலம் அப்பா இருக்கும் அகதி முகாம் தெரிந்து 2012இல் தமிழ்நாட்டுக்குப் போனேன். வெளியே ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். மாலை ஆறு மணிக்குள் அவர் திரும்ப வேண்டும். அம்மா வெளிக்கிட்ட செய்தி அவருக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. 1996 முழுவதும் மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கியவர்களிடம் எல்லாம் பெயர் சொல்லி விசாரித்திருக்கிறார். பிறகு நாலு வருடம் கழித்து முகாமிலேயே கலியாணம் செய்துவிட்டார். நான் அதைப் பிழையாகச் சொல்ல மாட்டேன்.

நான் கொண்டுபோன கடிதத்தை வாங்கி ஒரு வரி படித்தார். "இது அவளின்ரை எழுத்தில்லை பிள்ளை" என்றார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் தந்துவிட்டு வெளியே போய் நின்றார். 1991இல் படகில் வந்த யாரிடமோ அம்மா கொடுத்தனுப்பியது. வலப்பக்கம் சாய்ந்த, நெருக்கமான எழுத்து. "பிள்ளைக்கு உங்கடை காது" என்று எழுதியிருந்தார்.

உங்கள் தங்கை எழுதிய துண்டு ஏதும் வீட்டில் இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், கடைச் சிட்டை என்றாலும் பரவாயில்லை. அவர் கை எப்படி எழுதும் என்று பிள்ளைக்கு இப்போதே காட்டிவிடுங்கள்.