நாலைந்து தடவை படித்தும் தேர்வில் வரவில்லை, நினைவாற்றல் குறைவா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். இப்போது ஒரு பாடத்தை நாலைந்து தடவை படிக்கிறேன், முக்கியமான வரிகளில் வண்ணம் தீட்டுகிறேன். எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. தேர்வு அறையில் பாதிகூட வருவதில்லை. அட்டவணை போட்டால் மூன்று நாள் தாங்காது. மூளையின் ‘எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்’ எனக்குக் குறைவாக இருக்கும் என்கிறாள் அறைத்தோழி. நினைவாற்றலுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்து கிடக்கின்றன. தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்வது ஒன்று. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போவது இன்னொன்று. உங்கள் தோழி சொன்ன பெயர் இரண்டாவதற்குத்தான் பொருந்தும்.

எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்பது, நினைத்ததைச் செய்து முடிக்க மனதைக் கட்டுப்படுத்தி நடத்தும் ஆற்றல். அது ஒரே திறன் அல்ல. உளவியலாளர் அகிரா மியாகேயும் சக ஆய்வாளர்களும் 2000-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில் அதை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள்: கவனத்தை இழுப்பதை அடக்குவது, மனதில் பிடித்து வைத்திருக்கும் தகவலை அவ்வப்போது புதுப்பிப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆனாலும் வெவ்வேறு. இவற்றுக்கு முக்கியமான, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே உங்கள் வயதில் அட்டவணை சரிவதை உடனே நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் சிக்கல் வேறு ரகம். நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நாமே கவனித்து, அதற்கு ஏற்றபடி படிக்கும் விதத்தை மாற்றிக்கொள்வதற்கு மெட்டாகாக்னிஷன் என்று பெயர். 1970-களில் உளவியலாளர் ஜான் ஃப்ளேவெல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. இதில் கண்காணிப்பது ஒரு பாதி, திருத்துவது மறுபாதி. ‘மூன்றாம் பாடம் இன்னும் ஏறவில்லை’ என்று கண்டுபிடிப்பது கண்காணிப்பு. கண்டுபிடித்த பிறகு, சுகமாக ஓடும் முதல் பாடத்தை மூடிவிட்டு அந்த மூன்றாம் பாடத்தைக் கையில் எடுக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் உள்ளே வருகிறது. அடக்குவதும் மாறுவதும் இல்லாமல் திருத்தம் நடக்காது. கண்காணிப்பதற்கும் மனதில் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். தூக்கமில்லாமல், பதற்றத்தோடு படிக்கும்போது அந்த இடம் சுருங்கிவிடும். மெட்டாகாக்னிஷனும் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷனும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, ஆனால் ஒன்றே அல்ல. தன் குறையைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாதவர்களும் உண்டு. ஒரு நாளும் தவறாமல் உட்கார்ந்து, உதவாத முறையிலேயே படிப்பவர்களும் உண்டு.

நீங்கள் எந்தப் பக்கம்? நாலைந்து தடவை படிக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் கண்காணிப்பில்தான் என்று நினைக்கிறேன்.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு அப்படியே உங்கள் கதை. மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு சுற்றும் படித்தவர்கள்தான்! திரும்பத் திரும்பப் பார்த்தால் வரிகள் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மனசு ‘தெரியும்’ என்று கணக்கு எழுதிக்கொள்ளும்.

பள்ளியில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். அங்கே கண்காணிப்பு, திருத்தம் இரண்டையும் ஆசிரியர் செய்துகொண்டிருந்தார். வாராவாரம் தேர்வு, தினம் வீட்டுப்பாடம், தப்புக்கு உடனே சிவப்பு மை. கல்லூரியில் அந்தக் கை எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் மூளை மங்கிவிடவில்லை, வேலை கூடியிருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு பாடத்தைப் படித்ததும் உடனே சோதித்துக்கொள்ளாதீர்கள். சூட்டோடு சூடாகக் கேட்டால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வெற்றுத்தாளை எடுத்து, பத்துக்கு எத்தனை வரும் என்று ஓரத்தில் எழுதிவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். பிறகு திருத்துங்கள். நினைத்ததற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கவனிக்க வேண்டிய எண். வண்ணப் பேனாவைக் கொஞ்ச நாள் எங்கேயாவது ஒளித்து வைக்கலாம்.

அட்டவணை விஷயத்தில் நீங்கள் தனி ஆள் அல்ல. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவோம் என்று கணித்த மாணவர்களுக்கு ஏறக்குறைய 56 நாள் பிடித்தது. அதனால் நீங்கள் நினைக்கும் நேரத்தை ஒன்றரை மடங்காகப் போடுங்கள். ‘மாலையில் படிப்பேன்’ என்பதை விட ‘தேநீர் குடித்து முடித்ததும் மூன்றாம் பாடத்துக்கு வெற்றுத்தாள் எடுப்பேன்’ என்று எழுதுவது நிற்கும். போனை வேறு அறையில் வையுங்கள். அடக்கும் திறனைச் சோதித்துப் பார்ப்பதை விட, அதற்கு வேலையே வராமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

மாத்திரைக்கு வருவோம். கவனத்துக்கென்று நண்பர்கள் தரும் ஊக்க மருந்துகள் தூக்கத்தைக் கெடுக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும், பழக்கமாகவும் ஆகலாம். நன்றாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பை மட்டும் கூட்டிவிடுவதும் உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே அது கொஞ்சம் அதிகம்!

கவனச்சிதறல் 12 வயதுக்கு முன்பிருந்தே, வீட்டிலும் வகுப்பிலும் தொந்தரவாக இருந்திருந்தால் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறுக்கான பரிசோதனைக்கு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, மனம் சோர்ந்திருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் போங்கள். எப்போதும் களைப்பாக இருந்தால் ரத்தசோகை, தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளலாம். இவை எதுவும் இல்லையென்றால், தினம் ஏழெட்டு மணி நேரம் தூங்கி, வெற்றுத்தாள் முறையை மூன்று வாரம் செய்து பாருங்கள். அதன் பிறகும் நினைத்த எண்ணும் வந்த எண்ணும் நெருங்கவில்லையென்றால் அந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.