நோட்டு, பேனா, நெளிந்த டம்ளர்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடி வரைகிறோம். எனக்கு இருக்கிற தகுதி இவ்வளவுதான். நான் மனநல மருத்துவர் இல்லை, சாமியாரும் இல்லை.

கேள்வி: வருஷா வருஷம் டைரி வாங்குகிறேன். பொங்கலுக்குள் நின்றுவிடுகிறது. "இன்று மனசு சரியில்லை" என்பதற்கு மேல் எழுத எதுவும் வரவில்லை.

பதில்: மனசைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கும் ஒன்றும் வராது. பார்த்ததை எழுதுங்கள், கேட்டதை எழுதுங்கள். மனசு அதற்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் நான் எழுதியது இது: "காலை 7 மணி. பால்காரர் இன்று மணி அடிக்கவில்லை. பாக்கெட்டை வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கையில் மருந்துக்கடைப் பை." மூன்று நாள் கழித்துப் படித்தபோதுதான் உறைத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நானும் அப்படித்தான் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன். எழுதும்போது அப்பாவின் நினைப்பே எனக்கு இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று பெரும்பாலும் வெளிவிவகாரம்தான். ஆனால் படிக்கப் படிக்க அவருடைய கவலை, பெருமை, எரிச்சல் எல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம், தேதி போட்ட டைரி வேண்டாம். வெற்றுப் பக்கங்கள் நம்மைக் குற்றவாளி ஆக்கிவிடும். 80 பக்க நோட்டு போதும். நாளுக்கு ஐந்து வரி. நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் மன்னிப்புக் கேட்காமல் எழுதுங்கள்.

கேள்வி: கூட்டுக் குடும்பம். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்று பயந்தே பாதியை மறைத்து எழுதுகிறேன்.

பதில்: எழுதிக் கிழித்துப் போடுங்கள். பத்திரப்படுத்தினால்தான் பலன் என்று இல்லை. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் உலுக்கிய சம்பவத்தை எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் மனம் இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பின்னால் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பலன் சிறிதுதான் என்று தெரிந்தது. அதனால் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: ராத்திரி எழுத ஆரம்பித்தால் பழைய சண்டையே திரும்பத் திரும்ப வருகிறது. தூக்கம் போய்விடுகிறது.

பதில்: அப்படியானால் ராத்திரி எழுதாதீர்கள். ஒரே புண்ணைத் தினமும் கீறுவது நாட்குறிப்பு ஆகாது. "அவள் ஏன் அப்படிச் சொன்னாள்" என்று தொடங்கினால் முடிவே கிடையாது. "அன்று சமையலறையில் யார் எங்கே நின்றார்கள்" என்று தொடங்கிப் பாருங்கள். இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, கட்டணம் இல்லை.

கேள்வி: தியானத்துக்கு உட்கார்ந்தால் அடுப்பில் வைத்த பாலும் வீட்டுக் கடன் தவணையும்தான் கண்ணில் நிற்கின்றன.

பதில்: மதயானையை அடக்கலாம், புலியின் வாயைக் கட்டலாம், மனசை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்றார் தாயுமானவர். அவருக்கே அப்படி! கண்ணை மூட வேண்டாம், அம்மா. போனை உள்ளே வைத்துவிட்டு எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். தவணை ஞாபகம் வந்தால் வரட்டும். மறுபடி மரத்துக்குத் திரும்புங்கள். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: எனக்குக் கோடே நேராக வராது. நானும் வரையலாமா?

பதில்: தம்பி, நேர்க்கோட்டுக்கு ஸ்கேல் இருக்கிறது. வீட்டில் பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எதிரே வையுங்கள். காகிதத்தைப் பார்க்காமல், பேனாவை அதிலிருந்து எடுக்காமல், கண் டம்ளரின் விளிம்பில் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு மெதுவாகக் கையும் நகரட்டும். ஐந்து நிமிடம். வருவது டம்ளர் மாதிரி இருக்காது, கசங்கிய சட்டை மாதிரி இருக்கும். பரவாயில்லை. எங்கள் மாடியில் ஒருவர் இப்படி வரையும்போதுதான் தன் டம்ளரின் அடியில் பாட்டியின் பெயர் வெட்டியிருப்பதைக் கண்டார். முப்பது வருடமாக அதில்தான் காபி குடிக்கிறார்.

கேள்வி: தினமும் கோலம் போடுகிறேன். அது இந்தக் கணக்கில் சேருமா?

பதில்: சிக்குக் கோலமா? தாராளமாகச் சேரும். புள்ளிகளைச் சுற்றி வளைந்து புறப்பட்ட இடத்துக்கே கம்பி வந்து சேர வேண்டும், நடுவில் கவனம் பிசகினால் கோலமே சொல்லிவிடும். ஸ்டிக்கர் கோலம் சேராது. (கோபிக்காதீர்கள், எங்கள் வாசலிலும் அதுதான் இருக்கிறது.)

கேள்வி: நோட்டா, செயலியா?

பதில்: கைக்கு எது வசதியோ அது. எனக்கு நோட்டு. செயலியைத் திறக்கப் போய் வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் போய்விடும்.

கேள்வி: பழைய நோட்டுகளைத் திரும்பப் படிப்பீர்களா, எரித்துவிடுவீர்களா?

பதில்: வருடத்துக்கு ஒரு தரம் படிப்பேன். ஒரு போகிக்கு, ஏதோ வேகத்தில், இரண்டு நோட்டைத் தீயில் போட்டேன். அவற்றில் இருந்த புலம்பல் போனதில் வருத்தமே இல்லை. ஆனால் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அம்மா சொல்லச் சொல்ல எழுதிய வத்தக்குழம்புப் பொடி அளவு இருந்தது. மிளகாய் எத்தனை என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.