பழைய பிக்கப்ல விட்டு விட்டு ஓடுற வைப்பர்: மோட்டார் மாத்த வேணாம், ஒரு ஒயரை வெட்டினா போதும்

கம்பத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. 2004 மாடல் பிக்கப், திராட்சை லோடு ஏத்திட்டு குமுளி மலை ஏறி கேரளாவுக்கு ஓட்டுறாரு, வைப்பர்ல ஸ்லோ, ஃபாஸ்ட் ரெண்டே ரெண்டுதான். சாரலுக்கு ஸ்லோல போட்டாலும் கண்ணாடி காஞ்சு கிறீச் கிறீச்னு இழுக்குது, அதனால வளைவுல கூட ஒரு கைய சுவிட்ச்லயே வச்சு ஆன் ஆஃப் பண்ணிக்கிட்டே போறாராம். புது வண்டி மாதிரி இன்டர்மிட்டன்ட், அதாவது ஒரு வீச்சு போட்டு கொஞ்சம் நின்னு மறுபடி போடுற மாதிரி, வைக்க முடியுமா, மோட்டாரையே மாத்தணும்னு சொல்றாங்களே, நெசமான்னு கேக்குறாரு.

மாத்த வேணாம் அண்ணே. நீங்க சுவிட்ச ஆஃப் பண்ணும்போது வைப்பர் பாதி கண்ணாடில நிக்காம தானா கீழ வந்து படுக்குதா? அதை மட்டும் பாருங்க. படுக்குதுன்னா உங்களுக்கு வேண்டியதுல முக்காவாசி அந்த மோட்டாருக்குள்ளயே இருக்கு.

எப்படின்னா, மோட்டார் கியர் மூடிக்குள்ள ஒரு பார்க்கிங் காண்டாக்ட் இருக்கும். பிளேடு கீழ படுத்திருக்கும்போது அது எர்த்தோட (வண்டி பாடி, அதாவது பேட்டரி மைனஸ்) சேர்ந்திருக்கும், கொஞ்சம் நகந்துட்டா 12 வோல்ட் பிளஸ்ஸோட சேர்ந்துக்கும். நீங்க ஆஃப் பண்ணதும் சுவிட்ச் அந்த காண்டாக்ட்ல இருந்து வர்ற பார்க் ஒயரை ஸ்லோ ஒயரோட கோத்து விட்டுரும், அதான் பிளேடு வீடு வந்து சேர்ற வரைக்கும் மோட்டார் ஓடி, வந்த உடனே எர்த் ஆகி பிரேக் போட்ட மாதிரி நிக்குது. இன்டர்மிட்டன்ட் ரிலே, அதாவது தானா ஆன் ஆஃப் ஆகுற சின்ன சுவிட்ச் பெட்டி, செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணுதான், சில செகண்டுக்கு ஒரு தடவை ஸ்லோ ஒயருக்கு ஒரு சின்ன தள்ளு குடுத்துட்டு ஒதுங்கிக்கும், மீதி சுத்தை பார்க்கிங் காண்டாக்டே முடிச்சு வச்சிரும். டெட்ராய்ட்ல ராபர்ட் கெர்ன்ஸ்னு ஒரு இன்ஜினியர், மனுசன் கண்ணு சிமிட்டுறத பாத்து இந்த யோசனைய புடிச்சு, டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் வச்சு பண்ணி 1967ல பேட்டன்ட் வாங்கினாரு. கார் கம்பெனிங்க மேல வருசக்கணக்கா கேஸ் நடத்தி 1990ல ஃபோர்டுகிட்ட மட்டும் 1 கோடியே 2 லட்சம் டாலர் வாங்கினவரு, தனியாளா நின்னு போராடின மனுசன், அவர் பேர நம்ம தொழில்ல இருக்குறவங்க தெரிஞ்சு வச்சிருக்கணும்.

ஆஃப் பண்ணும்போது பிளேடு கீழ படுக்காம பாதில நிக்குதுன்னா ரிலே வாங்காதீங்க, காசு வேஸ்ட். மூடிய கழட்டி பாருங்க, பழைய கிரீஸ் கல்லு மாதிரி ஆகி செம்பு தட்டு கருத்துப் போயிருக்கும், நைஸ் எமரில தேச்சு புது கிரீஸ் வச்சா பெரும்பாலும் சரியாயிரும். மோட்டாரையும் வைப்பர் கையையும் சேர்க்குற லிங்க் கம்பியோட புஷ் ஆட்டத்தையும் அப்பவே பாத்துருங்க, பிளேடு ரப்பர் வெறைச்சிருந்தா அதையும் மாத்துங்க, உங்க கிறீச் சத்தத்துல பாதி அங்க இருந்துதான் வருது.

அடுத்து பார்க் ஒயர் எதுன்னு கண்டுபிடிக்கணும். ஒயர் கலரை நம்பாதீங்க, இத்தன வருசத்துல எத்தன கை பட்டிருக்குமோ. டெஸ்ட் லைட் கிளிப்பை எர்த்ல மாட்டி, சாவி போட்டு ஸ்லோல ஓட விட்டு, மோட்டார் கப்ளர்ல (ஒயர் சொருகுற இடம்) ஒவ்வொரு ஒயரா தொட்டுப் பாருங்க. ஒண்ணுல மட்டும் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்து, பிளேடு கீழ வர்ற நேரம் மட்டும் டக்குனு அணைஞ்சு மறுபடி எரியும், ஒவ்வொரு சுத்துக்கும் அப்படி பண்ணும், அதான் பார்க் ஒயர். அப்படி எந்த ஒயரும் சிக்கலேன்னா எதையும் வெட்டாதீங்க, சில பழைய ஜப்பான் வண்டிகள்ல சுவிட்ச் எர்த் பக்கத்தை கட் பண்ணும், அதுக்கு கனெக்சனே வேற.

ரிலே 12 வோல்ட்தான் கேட்டு வாங்கணும், லாரிக்கு வர்ற 24 வோல்ட்டை தந்துரப் போறாங்க. ஃபோக்ஸ்வேகன் டைப்ல மேல 19னு நம்பர் போட்டு வர்றது இந்த வேலைக்கு நல்லா ஒத்துப்போகும், பின் பக்கத்துலயே 15, 31, ஐ (I), டி (T), 53எஸ் (53S), 53எம் (53M)னு எழுதியிருக்கும். வேற கம்பெனி ரிலேன்னா அது மேல அச்சடிச்சிருக்குற படத்தை பாத்து கொடுங்க. பார்க் ஒயரை மட்டும் நடுவுல வெட்டுங்க, மோட்டார் பக்கத்து முனை 53எஸ்க்கு, சுவிட்ச் பக்கத்து முனை 53எம்க்கு. 15க்கு வைப்பர் ஃபியூஸ் தாண்டி வர்ற சாவி லைன் (சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஒயர்), 31 பாடி எர்த். ஐ பின்னுக்கு அதே சாவி லைன்ல இருந்து டேஷ்ல ஒரு சின்ன டாகிள் சுவிட்ச் வழியா கரண்ட் குடுங்க. அதுல ரொம்ப கம்மி கரண்ட்தான் போகும், ஆனா 15லயும் ரெண்டு 53லயும் மோட்டார் கரண்ட் முழுசா போகும், அங்கல்லாம் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு குறையாம போட்டு, முனைல மாட்டுற லக்கை நல்லா பிரஸ் பண்ணுங்க, முறுக்கி டேப் சுத்துற வேலை வேணாம்.

இந்த மாதிரி மாட்டுறதுல எனக்கு ரொம்ப புடிச்சதே, மலைல வச்சு ரிலே தூங்கிட்டாலும் உங்க பழைய ஸ்லோவும் ஃபாஸ்ட்டும் எப்பவும் போல ஓடும், ஏன்னா அந்த ஒயர்களை நாம தொடவே இல்ல. மெயின் சுவிட்ச ஆஃப்ல வச்சுட்டு டாகிளை போட்டா விட்டு விட்டு ஓடும், மழை வலுத்தா வழக்கம்போல ஸ்லோ போட்டுக்கங்க. இண்டிகேட்டர் பிளாஷரை போட்டாலே போதும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அது நிமிசத்துக்கு 60ல இருந்து 120 தடவ அடிக்கிற சாமான், மோட்டார் நிக்கவே நிக்காது, மேற்கொண்டு பார்க்குக்கு எர்த் மாத்தி விடுற காண்டாக்டும் அதுல கிடையாது.

டி பின்னை வாஷர் மோட்டார் பிளஸ் ஒயரோட சேத்தா தண்ணி அடிக்கும்போது பிளேடும் கூட ஓடும், வேணாம்னா சும்மா விடுங்க. எல்லாம் மாட்டினதும் கண்ணாடில தண்ணி ஊத்திட்டு ஓட்டிப் பாருங்க, காஞ்ச கண்ணாடில வேணாம். ஒரு தடவ போட்டா ஒரு வீச்சுக்கு பதிலா ரெண்டு வீச்சு போகுதுன்னா பார்க்கிங் காண்டாக்ட்ல எர்த் சரியா புடிக்கல, மோட்டார் பாடி எர்த் போல்ட்டை கழட்டி துரு போக தேச்சு இறுக்குங்க, மொதல்ல அங்க பாத்துட்டு அப்பறமா ரிலேவ சந்தேகப்படலாம்.