சட்டம் கேளுங்கள்: முகத்தை மட்டும் மறைத்தால் போதுமா?

கேள்வி: என் அக்கா மகளுக்கு 11 வயது. டியூஷன் எடுத்தவர் மீது போக்சோ வழக்கு நடக்கிறது. உள்ளூர் யூடியூப் சேனல்காரர்கள் வீட்டுக்கே வந்து எங்கள் அம்மாவைப் பேட்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள். குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை, போட்டோவில் முகத்தை மறைத்திருக்கிறார்கள். ஆனால் அம்மாவின் முகம், எங்கள் தெரு, பள்ளிப் பெயர்ப்பலகை எல்லாம் வருகிறது. கேட்டால், "பாட்டி சம்மதிச்சுத்தானே பேசினாங்க" என்கிறார்கள். வீடியோ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. என் தம்பி வேறு, 'நீதி வேண்டும்' என்று அவளுடைய பிறந்தநாள் படத்தை ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறாள் பிள்ளை. என்ன செய்வது?
(பெயர், ஊர் தவிர்க்கப்பட்டுள்ளன)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இருந்த சில விவரங்களை அச்சுக்குப் போகும் முன் நானே எடுத்துவிட்டேன். உங்கள் ஊர்க்காரர் யாராவது படித்தால்கூட இது யார் வீடு என்று தெரியக்கூடாது.

அந்தச் சேனல்காரர்கள் செய்ததும் குற்றம்தான். போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பெயரை மட்டும் மறைக்கச் சொல்லவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, இவை போகக் குழந்தை யார் என்று காட்டிக்கொடுக்கும் வேறு எந்தத் தகவலும் ஊடகத்தில் வரக்கூடாது என்கிறது. அந்த வீடியோவில் இதில் எத்தனை இருக்கிறது பாருங்கள். பாட்டியின் முகம் தெரிந்த பிறகு பேத்தி யார் என்று ஊருக்குத் தெரியாதா? முகத்தை மங்கலாக்கிவிட்டு, சீருடையின் நிறத்தையும் டையையும் அப்படியே காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு அது போதுமே!

தண்டனை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மைக் பிடித்தவர் மட்டுமல்ல, சேனல் உரிமையாளரும் பொறுப்பு.

பாட்டி சம்மதித்தார் என்ற வாதம் செல்லாது. அடையாளத்தை வெளியிட அனுமதி தரும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதுவும் குழந்தையின் நலனுக்கு அது தேவை என்று எழுத்தில் காரணம் பதிவு செய்த பிறகுதான். மனம் நொந்து கிடக்கும் ஒரு மூதாட்டியிடம் வாசலில் வாங்கிய 'சரி' எதற்கும் ஆகாது. அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். யாராவது நம் பக்கம் பேச மாட்டார்களா என்று நினைத்துத்தான் அவர் பேசியிருப்பார்.

அடுத்து உங்கள் தம்பி. அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஸ்டேட்டஸை இந்த நிமிடமே எடுக்கச் சொல்லுங்கள். 2018-இல் ஜம்மு-காஷ்மீரின் கத்துவாவில் கொல்லப்பட்ட சிறுமிக்காக நாடே நீதி கேட்டது. அப்போது அந்தக் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்ட 12 ஊடக நிறுவனங்களைத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றமும், மறைமுகமாகக்கூட அடையாளம் வெளிப்படக்கூடாது என்று உறுதியாகச் சொன்னது. உங்கள் பிள்ளை உயிரோடு, நாளை அதே தெருவில் நடக்க வேண்டியவள்.

இப்போது வேலைக்கு வருவோம். வீடியோவை நீக்கச் சொல்லும் முன் ஆதாரத்தை எடுத்துவையுங்கள். வீடியோவின் லிங்க், சேனல் பெயர், பதிவேறிய தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முழு வீடியோவையும் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யுங்கள். எடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அதற்கு அந்தப் போன் வேண்டும். "பார், இப்படிப் போட்டிருக்கிறான்" என்று சொந்தக்காரர்களுக்குக்கூட லிங்க்கை அனுப்பாதீர்கள். வீடியோவுக்குக் கீழே திட்டிக் கமென்ட் போடுவதும் வேண்டாம்.

அப்புறம் யூடியூபில் தனியுரிமைப் புகார் கொடுங்கள். குழந்தைக்காகப் பெற்றோர் கொடுக்கலாம். எந்த நிமிடத்தில் தெரு, எந்த நிமிடத்தில் பள்ளி என்று குறித்துக் கொடுப்பது நல்லது. வாட்ஸ்அப் குரூப்பில் அட்மினை எதிரியாக்கிக்கொள்ளாமல் பேசுங்கள். மற்றவர் போட்டதையும் எல்லோருக்கும் சேர்த்து அவரால் நீக்க முடியும். பகிர்ந்தவர்களும் தப்பித்தார்கள் என்றில்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு செய்தித்தாள், காட்சி ஊடகத்தோடு 'பிற தகவல் தொடர்பு வடிவங்கள்' என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதில் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

புகாரை வழக்கு நடக்கும் காவல் நிலையத்திலேயே அக்காவையே கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தையின் அடையாளத்தை ஊடகத்திடமிருந்து காப்பது காவல்துறையின் கடமை என்று போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. "கோர்ட் அனுமதி இருந்தால்தான் விசாரிப்போம்" என்று அங்கே சொல்லக்கூடும். 23-வது பிரிவுக்கு அந்த அனுமதி தேவையா என்பதில் 2022-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் வேறுவேறு தீர்ப்பு சொன்னார்கள். அதனால் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பாதீர்கள். மனுவுக்கு ரசீது வாங்கிக்கொண்டு, அரசு சிறப்பு வழக்கறிஞர் மூலம் போக்சோ நீதிமன்றத்திலேயே மனு போடுங்கள். விசாரணை முழுக்க அடையாளத்தைக் காக்கும் பொறுப்பு அந்த நீதிமன்றத்துக்கு இருக்கிறது. குழந்தையின் பெயரை மனுவில் எழுதாமல், தனித்தாளில் எழுதி மூடி முத்திரையிட்ட உறையில் வைத்துக் கொடுங்கள்.

பள்ளிக்குப் போக மறுப்பதற்கு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் இருப்பார். வகுப்பாசிரியையிடம் அக்கா தனியாகப் பேசட்டும். பிள்ளையை வற்புறுத்தி அனுப்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் மகன் படிக்கும் பள்ளி, பிள்ளைகளின் படம், பெயர், வகுப்பு, மதிப்பெண் எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் போடுகிறது. தடுக்க முடியுமா?
ஒரு தந்தை, மதுரை

பதில்: 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது வரை குழந்தைதான். அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தையே தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது, அது பிள்ளைகளிடையே ஆரோக்கியமற்ற போட்டியையும் மன அழுத்தத்தையும் உண்டாக்குகிறது என்பதால். இதைச் சொல்லி, 'என் மகனின் படமோ விவரமோ வெளியிட எனக்குச் சம்மதமில்லை, ஏற்கெனவே போட்டதை நீக்குங்கள்' என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். சேர்க்கைப் படிவத்தில் ஏற்கெனவே இதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தால், அதைத் திரும்பப் பெறுவதாக அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். நகலில் பள்ளி முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.